ஐந்தாம் படிவத்துக்குப் பின் ஓராண்டு

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் நாளில் பள்ளி மண்டபங்களில் ஆரவாரம் நிறைந்திருக்கும். 2024ஆம் ஆண்டுத் தேர்வின் முடிவுகள் 2025 ஏப்ரல் 24ஆம் நாள் வெளிவந்தபோது ஜார்ஜ்டவுன் பள்ளிகளிலும் அதுவே நிகழ்ந்தது. ஆனால், பல குடும்பங்களில் குழப்பம் தொடங்குவது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். இடம் கிடைக்கவில்லையே என்ற கவலை ஒரு பக்கம் இருக்க, கிடைத்த இடத்தை என்ன செய்வது என்று தெரியாத தவிப்பும் சேர்ந்துகொள்கிறது.

பிரிட்டனில் ஒரு மாணவர் ஐந்து இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். வரும் அழைப்புகளில் ஒன்றை உறுதியாகவும் மற்றொன்றைப் பாதுகாப்புக்காகவும் வைத்துக்கொள்ளலாம். மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. முறையில் விருப்பப் பட்டியல் நீளமாக இருக்கும். ஆனால் கிடைப்பது ஓர் இடம்தான். மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், பாலிடெக்னிக் ஆகியவற்றின் முடிவுகளோ வெவ்வேறு நாள்களில் வருகின்றன. இதில்தான் சிக்கல்.

ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தந்தை லாரி ஓட்டுநர். மெட்ரிகுலேஷன் அழைப்பு முதலில் வருகிறது. பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாளா பத்தாஸில் உள்ளது. ஆனால் அவளுக்குக் கிடைத்ததோ பேராக்கில் உள்ள கோப்பேங். “அவ்வளவு தூரமா? இங்கேயே ஆறாம் படிவம் படிக்கலாமே, அம்மா,” என்கிறார் தந்தை. அவள் பதில் சொல்லுமுன் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து தொலைபேசி அழைப்பு: இன்றே பதிவுக் கட்டணம் செலுத்தினால் சலுகை உண்டாம்.

இந்த மூன்றும் ஒரே அளவில் அவசரமானவை அல்ல. மெட்ரிகுலேஷன் அழைப்புக்குக் கெடு உண்டு. குறித்த நாளுக்குள் ஏற்காவிட்டால் இடம் கைநழுவும். அதோடு, அது பொதுவாக அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதியவர்களுக்கானது; அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியதன்று. இந்திய மாணவர்களுக்கு இந்த இடங்கள் எவ்வளவு அரியவை என்பதைப் பெற்றோர் அறிவர். 10 ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் வழங்கப்படும் எனப் பிரதமர் 2024 ஜூன் இறுதியில் அறிவித்தபோது பல வீடுகள் நிம்மதியடைந்ததற்குக் காரணம் அதுவே.

ஆறாம் படிவம் தாழ்ந்த வழி என்று எண்ணுவது தவறு. ஒன்றரை ஆண்டில் மூன்று பருவங்கள், பாடங்கள் கடினம்தான். ஆயினும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்கின்றன. மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடிந்துவிடும். அதன் முதன்மை நோக்கம் உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்கள்தாம். வீட்டுக்கு அருகில் குளுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமே அம்மாணவியின் கனவு என்றால், இரண்டு வழிகளும் அங்கே கொண்டு சேர்க்கும். தனியார் கல்லூரி விஷயத்தில் கேட்கவேண்டியவை வேறு: பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா? பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா? விலகினால் பதிவுக் கட்டணம் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. இன்றே பணம் கட்டு என்று நெருக்குபவரிடம் நாளைவரை பொறுக்கச் சொல்வதில் தவறில்லை.

இத்தனை குழப்பத்தில், “ஓராண்டு சும்மா இருந்தால் என்ன?” என்ற எண்ணம் மாணவர் சிலருக்கு எழுவது இயல்பு. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவின் மூத்த மகள் 2016இல் பள்ளி முடித்து, ஓராண்டு இடைவெளிக்குப் பிறகே 2017இல் ஹார்வர்ட் சென்றார். அவருக்கான இடம் அங்கே காத்திருந்தது. இங்கே ஏற்காத இடம் காத்திருக்காது; மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்பது அந்தந்தக் கல்விக்கூடத்தின் விதியைப் பொறுத்தது. அழைப்பை மறுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிய வேண்டும். மறுத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

தமிழ்நாட்டில் நீட் தேர்வுக்காக ஓராண்டை ஒதுக்கி, மீண்டும் எழுதுவோர் உள்ளனர். அவர்களுடைய ஆண்டுக்கு ஒரு குறி இருக்கிறது. அதன் சுமையும் பெரிது. பினாங்கில் ஓய்வெடுக்கும் மாணவரை ஈர்ப்பது வேறொன்று. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் பேரங்காடிகளிலும் வேலை எளிதில் கிடைக்கிறது. 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பதினெட்டு வயதில் அது பெரிய தொகை. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்கியவருக்கு மறு ஆண்டு சீருடை அணிந்து வகுப்பில் உட்காருவது எளிதாக இராது.

எனினும், நோயுற்ற தாயைக் கவனிக்கவேண்டிய பிள்ளைக்கும், படிப்புச் செலவுக்குப் பணம் சேர்த்தே தீரவேண்டியவருக்கும் ஓராண்டு தேவைப்படலாம். அத்தகையோர் அடுத்த விண்ணப்ப நாளை முன்னரே குறித்துவைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு, பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருடன் தொடர்பை விடாமல் இருந்தால் வழி திறந்தே இருக்கும்.

அம்மாணவி அன்றிரவு தந்தையுடன் அமர்ந்து ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்தாள். கெடு நாள், செலவு, தூரம் என்று எழுதினாள். தூரத்தின் கட்டத்தில் தந்தை, “பஸ் எத்தனை மணிக்கு?” என்று எழுதிவிட்டு, பேனாவை மகளிடம் நீட்டினார்.