காற்றளவு காட்டும் கருவி

வட சென்னையின் கடற்கரைச் சாலையில் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், சரக்கு வண்டிகளின் அணிவகுப்பு நம் கண்ணைக் கவரும். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் அச்சாலையில், துறைமுகத்துக்குரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்து டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். பெரிய பெட்டியின் நீளம் 40 அடி. இழுக்கும் வண்டிக்கும் பின்வண்டிக்குமாக 18 டயர்கள் பூண்ட லாரிகள் பல உள. அவ்வளவு பாரத்தையும் உண்மையில் தாங்குவது யாது? இரும்பு அன்று, ரப்பரும் அன்று. டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே அதனைத் தாங்குகிறது.

காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணிப் படைத்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்தியர். 1845-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் உலகம் அதனை மறந்தது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் உருவாக்கினார். நம் திருவொற்றியூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு பட்டறை ஒன்றை அங்கே தொடங்கினார். 1952-இல் அந்நிறுவனம், தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் ரப்பரைச் செய்யலாயிற்று. 1960-களில் டயர்களையே செய்யும் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது. எம்.ஆர்.எஃப். என்று நாடறிந்த நிறுவனம் அதுவே.

டயரில் காற்றுக் குறைந்தால் நேர்வது என்ன? சக்கரம் சுழலுந்தோறும் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து நிமிரும். ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது சூடேறுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே டயரும் சூடேறும்; அதன் அடுக்குகள் பிரியும்; முடிவில் வெடிக்கும். பாரவண்டிகளில் இரட்டைச் சக்கரங்கள் இருத்தலால் இத்தீங்கு மறைந்தே வளர்கிறது. உட்சக்கரத்தில் காற்று இறங்கினால், வெளிச்சக்கரம் இரண்டின் பாரத்தையும் தானே சுமக்கும். வெளியே நின்று பார்ப்பவர்க்கு எல்லாம் செம்மையாகவே தோன்றும்.

ஓட்டுநர்கள் புறப்படுமுன் டயர்களைக் கட்டையால் தட்டி, எழும் ஒலியைக் கேட்பது பழைய வழக்கம். அது முற்றும் காற்றிழந்த டயரைக் காட்டிக் கொடுக்கும். சிறிதளவே காற்றுக் குறைந்த டயரைக் காட்டாது. ஓடும் வண்டியில் அதுவும் இயலாது. இக்குறையைத் தீர்க்க வந்ததே காற்றழுத்தம் காட்டும் கருவி. வால்வின் வாயில் மூடிபோல் திருகப்படும் சிறு உணர்கருவி ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தத்தையும் அளந்து, வானொலி அலை வழியாக ஓட்டுநர் முன்னுள்ள திரைக்கு அனுப்பும். அளவு குறைந்தால் எச்சரிக்கை ஒலி எழும். மேனாடுகளில் வீடு போன்ற மோட்டார் வண்டியில் குடும்பத்தோடு பயணம் செய்வோரும் இதனைப் பொருத்திக்கொள்கின்றனர்.

அமெரிக்காவில் டயர்கள் பிரிந்து பலர் உயிரிழந்ததன் விளைவாக 2000-இல் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி, 2007 செப்டம்பர் முதல் அங்கே செய்யப்படும் சிறு வண்டிகள் யாவற்றிலும் இக்கருவி கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2020-இல் திருத்தப்பட்ட விதி, இக்கருவியும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உள்ள சிறு கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை எனக் கூறிற்று.

இனி, இதனைப் பயன்படுத்தும் முறையைக் காண்போம். காற்றைச் சக்கரம் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். வண்டி மூன்று மணி நேரமேனும் நின்றிருக்க வேண்டும், வெயிலும் படலாகாது. சுமைக்கு ஏற்ற அளவு சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு எனக் கொள்வோம். வெப்பம் 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறினால், அதே காற்று ஏறத்தாழ 122 பவுண்டு காட்டும். இது காற்றின் இயல்பு; குற்றம் அன்று. இதனை அறியாதார் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடுவர். டயர் குளிர்ந்தபின் அளவு குறைந்து, தாமே தீங்கை வரவழைத்தவராவர்.

எச்சரிக்கை எல்லையை வகுப்பதிலும் கருத்து வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழந்து ஓடிய டயரைக் கழற்றி ஆராய வேண்டும் என்பது தொழில் வல்லார் கொள்கை. 110 பவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு போனால் எஞ்சுவது 88. அதுவரை கருவி வாளாவிருந்தால் பயன் யாது? நூறு பவுண்டை ஒட்டியே அது ஒலிக்குமாறு அமைத்தல் நன்று. மேல் எல்லையோ, வெப்பத்தால் இயல்பாக ஏறும் அளவுக்கும் மேலே இருத்தல் வேண்டும்.

மூடிபோல் வெளியே நிற்கும் கருவி வீசும் காற்றால் குளிர்வதால், அது காட்டும் வெப்ப அளவு டயரின் உள்வெப்பத்தினும் குறைவாகவே இருக்கும். அதனை நம்பி அமைதி கொள்ளலாகாது. கருவியைத் திருகியபின் சோப்பு நீர் தடவி, குமிழி எழுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். எண்ணூர் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று உலோகத்தை அரித்து, மூடியை வால்வோடு இறுகப் பிணைத்துவிடும். ஆதலால் இடையிடையே கழற்றித் துடைத்தல் நலம். சக்கரங்களை இடம் மாற்றினால், கருவியிலும் அம்மாற்றத்தைப் பதிய வேண்டும். நீண்ட டிரெய்லரின் கடைசிச் சக்கரம் வரை அலை எட்டுகிறதா என்றும் சோதித்தல் வேண்டும்.

ஓடும்போது கருவி ஒலித்தால், பிரேக்கைத் திடீரென மிதிக்கலாகாது. ஸ்டீயரிங்கை உறுதியாகப் பற்றி, வேகத்தை மெல்லக் குறைத்து, ஓரத்தில் நிறுத்த வேண்டும். காற்றிழந்து ஓடிய பாரவண்டி டயருக்கு உடனே காற்றடிப்பது பேரிடர். அதன் பக்கச்சுவரில் உள்ள எஃகுக் கம்பிகள் முன்னரே நைந்திருக்கக் கூடும். காற்று ஏற ஏற அவை வரிசையாக அறுந்து, பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும். அருகில் நிற்பவர் உயிர் தப்புதல் அரிது. ஆகவே, அத்தகைய டயரைக் கழற்றி ஆராய்ந்து, இரும்புக் கூண்டிலிட்டு, நீண்ட குழாயால், எட்டி நின்றே காற்றடித்தல் வேண்டும்.

கருவி நமக்கு வாய்த்த மற்றுமொரு கண். கண் காட்டுமேயன்றிக் காக்காது, காப்பது கருத்தே. ஒலி கேட்டும் ‘இன்னும் சிறிது தூரந்தானே’ என்று ஓட்டுபவனுக்கு ஆயிரம் கருவிகளாலும் பயனில்லை. அவனுடைய உயிர் மட்டுமன்று, அதே சாலையில் மிதிவண்டியில் பள்ளி செல்லும் சிறாரின் உயிரும், ஆலைக்கு நடந்து செல்லும் தொழிலாளரின் உயிரும் அந்தச் சக்கரத்தின் காற்றை நம்பியே உள்ளன என்பதை மறவாதிருப்போமாக.

வினாக்கள்

1. இரட்டைச் சக்கரங்களில் காற்றுக் குறைவு மறைந்து வளர்வது எங்ஙனம்?
2. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கலாகாது என்பதற்குக் காரணம் யாது?
3. ‘கண் காட்டுமேயன்றிக் காக்காது, காப்பது கருத்தே’ என்பதை விளக்குக.