ஆகாயத்தாமரையும் யானைக்கால் நோயும்

யானைக்கால் நோய் கமக்காரரின் உழைப்பைக் குன்றச் செய்யும் கொடிய நோயாகும். நூல் போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களிற் தங்கி அவற்றைப் பழுதாக்குவதனாலேயே கால் வீங்குகின்றது. இப்புழுக்கள் ஈனும் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவிலேயே இரத்தத்திற் காணப்படும். அவ்வேளை கடிக்கும் நுளம்பு அவற்றை உறிஞ்சிப் பிறருக்குப் பரப்புகின்றது.

இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதவாறு ஒழிக்கப்பட்டதென 2016 இல் உலக சுகாதார தாபனம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் இந்நோயை உண்டாக்கும் புழுவகைகளுள் ஒன்றான பிறுகியா இங்கு மீண்டும் தலைகாட்டியுள்ளது.

பிறுகியாவைப் பரப்பும் மன்சோனியா நுளம்பு, ஆகாயத்தாமரை, சல்வீனியா முதலிய நீர்ப்பூண்டுகள் மண்டிய குளங்களிலும் வாய்க்கால்களிலும் பெருகும். இதன் குடம்பி மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வருவதில்லை. பூண்டின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றைப் பெறும். ஆதலின் நீரில் எண்ணெய் ஊற்றுவதாற் பயனில்லை. பூண்டை அகற்றுவதே தக்க வழியாகும்.

செய்ய வேண்டியவை:

1. பூண்டுகளை வேரோடு அள்ளி, நீர்க்கரைக்கு அப்பால் வெயிலில் உலரவிடுக. குடம்பிகள் மடியும்.

2. வாடிய பூண்டைச் சாணத்துடன் மாறிமாறி அடுக்கிக் கூட்டெருவாக்குக.

3. எஞ்சிய சிறு துண்டும் மீண்டும் பெருகும். ஆகவே அயற் கமக்காரருடன் கூடி, வாய்க்கால் முழுவதையும் ஒருங்கே துப்புரவு செய்க.

4. இரவில் நுளம்புவலையினுள் உறங்குக. காலில் வீக்கங் கண்டால் தாமதியாது வைத்தியரிடஞ் சென்று இரத்தப் பரிசோதனை செய்விக்க.

பூண்டு நீங்கிய வாய்க்காலில் நீர் தடையின்றி வயலைச் சேரும், நுளம்பும் குறையும்.