ஹாம் இறைச்சியும் அதற்கேற்ற கீரை, காய்களும்

பன்றியின் பின்னந்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்தி எடுக்கும் இறைச்சிக்கு ஹாம் என்று பெயர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விருந்துகளில் இதற்குத் தனி இடம் உண்டு. நமது நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பார்ஸ்லி, செலரி, லீக்ஸ், தைம், ரோஸ்மேரி ஆகியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகள் பலருக்கு, தங்கள் சரக்கு கடைசியில் எந்தத் தட்டில் போய்ச் சேருகிறது என்பது தெரிவதில்லை. எந்தக் கீரை எந்த இறைச்சியோடு சேரும், ஏன் சேரும் என்பது தெரிந்தால், எதை எந்த அளவில் விதைப்பது என்ற கணக்கும் ஓரளவு தெளிவாகும்.

யார்க்‌ஷயர் பன்றியும் குளிர்காலமும்

நமது பண்ணைகளில் வளர்க்கப்படும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் பன்றியைப் பலரும் அறிவர். அது இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்‌ஷயரைச் சேர்ந்த இனம். அப்பகுதியின் யார்க் ஹாமும் பெயர் பெற்றது. அங்கே குடியானவர் வீட்டுக்கு ஒரு பன்றி வளர்ப்பது முற்காலத்தில் வழக்கம். கோடை முழுவதும் சமையல் கழிவையும் உருளைக்கிழங்குத் தோலையும் தின்று கொழுத்த பன்றியை, நவம்பர் மாதக் குளிர் தொடங்கியதும் அறுப்பார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் குளிரும் உப்பும்தான் இறைச்சியைக் காத்தன. உப்பில் வாரக்கணக்கில் ஊறிய தொடை, பின்பு மாதக்கணக்கில் உத்தரத்தில் தொங்கும். அதை இறக்கி வேகவைக்கும்போது தோட்டத்தில் என்ன இருந்ததோ அதுவே அதற்குத் துணையாயிற்று. குளிர்காலத்தில் முட்டைக்கோஸ், லீக்ஸ், காய்ந்த பட்டாணி. வசந்தத்தில் முதல் பச்சையாகத் துளிர்க்கும் பார்ஸ்லி. சமையல் புத்தகங்கள் இன்று நுட்பமாகச் சொல்லும் பொருத்தங்கள் பலவும் இந்தப் பருவக் கணக்கிலிருந்து வந்தவையே.

பொருத்தத்திற்கு நாவும் ஒத்துக்கொண்டது. ஹாமில் உப்பு மிகுதி, கொழுப்பும் மிகுதி. உப்பை அடக்க மாவுச்சத்தோ இனிப்போ வேண்டும். கொழுப்பின் திகட்டலைப் போக்கப் புளிப்போ கசப்போ காரமோ வேண்டும். இதை மனத்தில் கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

பார்ஸ்லி

கொத்தமல்லி குடும்பத்தைச் சேர்ந்த இக்கீரை, பார்வைக்கும் ஏறத்தாழ அதைப் போலவே இருக்கும். தட்டை இலை ரகத்தைச் சந்தையில் கொத்தமல்லி என்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு. கசக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். மற்றொன்று சுருட்டை இலை ரகம். இங்கிலாந்தில் வெண்ணெய், மாவு, பால் சேர்த்துக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பில் பொடியாக நறுக்கிய பார்ஸ்லியைக் கைநிறையப் போட்டு, வேகவைத்த ஹாம் துண்டுகளின் மேல் ஊற்றுவர். உடன் பிராட் பீன்ஸும் உருளைக்கிழங்கும் இருக்கும். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஈஸ்டர் பண்டிகைக்கு ஹாம் துண்டுகளையும் பார்ஸ்லியையும் அடுக்கடுக்காக வைத்து, வெந்த சாறு கட்டியாக உறையும்படி செய்கிறார்கள். அறுத்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்து பளிங்கு போல் தெரியும். இந்த இரண்டிலும் பார்ஸ்லி அலங்காரத்திற்கான ஓரிரு இலையல்ல, கட்டுக்கட்டாகச் செலவாகும் பொருள்.

பார்ஸ்லி விதை முளைக்க மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். பத்து நாளில் முளைக்கவில்லையே என்று பாத்தியைக் கொத்திவிடக் கூடாது. விதைக்குமுன் ஓர் இரவு நீரில் ஊறவைப்பது நலம். ஓரத்துத் தண்டுகளை மட்டும் அடியோடு கிள்ளி, நடுக்குருத்தை விட்டுவைத்தால் திரும்பத் திரும்ப அறுவடை கிடைக்கும். இரண்டாம் ஆண்டு பூத்தபின் இலை கடுத்துவிடும். அதற்குமுன் புதுப் பாத்தி தயாராக இருக்க வேண்டும்.

கடுகும் காரவேரும்

பர்கண்டியின் திஜோன் நகரம் அரைத்த கடுகுக்குப் புகழ்பெற்றது. சுவீடனில் கிறிஸ்துமஸ் ஹாமை வேகவைத்தபின், கடுகும் முட்டையும் பூசி, ரொட்டித் தூள் தூவி அடுப்பில் சிவக்க வைப்பார்கள். செக் நாட்டுப் பிராக் ஹாமுக்கு ஹார்ஸ்ராடிஷ் என்னும் வேரைத் துருவி வைப்பது வழக்கம். அதன் காரம் மிளகாயைப் போல் நாக்கில் நிற்காது. கடுகைப் போல் மூக்கில் ஏறிச் சட்டென்று தணிந்துவிடும். துருவிச் சற்று நேரம் வைத்தால் வீரியம் குறையும். ஒடிந்து மண்ணில் தங்கும் சிறு வேர்த் துண்டும் மீண்டும் முளைக்கும். ஆகவே மற்றப் பயிர்ப் பாத்திகளுக்கு நடுவே இதை நடலாகாது.

தைம், பே இலை ஆகியவற்றை ஹாம் வேகும் நீரிலேயே இடுவர். பே இலை என்பது நமது பிரிஞ்சி இலையன்று. இரண்டும் வேறு மரங்கள், வாசனையும் வேறு. ரோஸ்மேரியும் சேஜும் அழுத்தமான மணம் உள்ளவை. புதுப் பன்றிக்கறிக்கு அவை நன்கு சேரும். உப்பிட்ட ஹாமுக்குச் சிறிதளவே போதும். ரோஸ்மேரி, தைம் பயிர்களில் உதகையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆய்வு செய்துள்ளது; நட விரும்புவோர் அங்கே விசாரிக்கலாம்.

கிராம்புக்கும் இங்கே வேலை உண்டு. வெந்த ஹாமின் தோலை உரித்து, கொழுப்பின் மேல் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு கிராம்பு குத்துவார்கள். அதன்மேல் பழுப்புச் சர்க்கரையும் கடுகும் பூசிச் சுடுவார்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பைப் பயிரிடுவோர் அறிந்துகொள்ள வேண்டிய உபயோகம் இது. அமெரிக்காவில் அன்னாசி வளையங்களையும் சேர்ப்பர். பச்சை அன்னாசியில் இறைச்சியைக் கரைக்கும் நொதி உண்டு. நேரம் சென்றால் ஹாம் குழைந்துவிடும். டின் அன்னாசியில் சூட்டினால் அது அழிந்திருக்கும்.

காய்கள்

ஜெர்மனியில் ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை வெள்ளை ஆஸ்பராகஸ் பருவம். அதனுடன் ஹாம், உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய் என்பதே அந்நாட்களின் உணவு. பெல்ஜியத்தார் கசப்பை நாடுகிறார்கள். காப்பியில் கலக்கும் சிக்கரியை நாம் அறிவோம். அதே இனத்தின் கிழங்குகளைத் தோண்டி, இலையை வெட்டி, இருட்டில் புதைத்து வைத்தால் வெள்ளைக் குருத்துகள் கிளம்பும். அக்குருத்தை ஹாமில் சுருட்டி, பாற்குழம்பும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடுகிறார்கள். குளிர்காலத்தில் வயலில் ஒன்றும் விளையாத நாளில் கொட்டகைக்குள் பணம் தரும் பயிர் இது!

பானங்கள்

இங்கிலாந்தின் ஆப்பிள் மாவட்டங்களில் ஹாமுக்குத் துணை சைடர் என்னும் புளித்த ஆப்பிள் சாறு. வேகவைக்கும் நீருக்குப் பதில் அதையே ஊற்றுவாரும் உண்டு. பண்ணைக் கூலியில் ஒரு பகுதியாகவே சைடரை அளந்துவிடும் வழக்கம் அங்கே இருந்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. செக் நாட்டில் பீர், பர்கண்டியில் புளிப்பான வெள்ளைத் திராட்சை மது. மதுவை விரும்பாதோர்க்கு இனிக்காத ஆப்பிள் சாறு ஏற்றது. யார்க்‌ஷயர்க்காரர்கள் ஆறிய ஹாமுடன் அருந்துவது கடுந்தேநீர். அதன் துவர்ப்பு கொழுப்பை அறுக்கிறது. ஏழைக் குடியானவன் பன்றி வளர்க்க வேண்டும் என்று 1822இல் நூல் எழுதிய வில்லியம் காபெட், தேநீரைக் கடுமையாகச் சாடி, வீட்டில் காய்ச்சிய பீரையே பரிந்துரைத்தார். அந்த வழக்கில் வென்றது தேநீர்தான்.

எச்சரிக்கை

இவற்றைப் படித்துவிட்டுச் சமவெளியில் வீட்டிலேயே தொடையை உப்பிட முயலக் கூடாது. உப்பு எலும்பு வரை இறங்குமுன் நம் வெப்பத்தில் உட்சதை அழுகிவிடும். ஏறத்தாழ 4 டிகிரி சென்டிகிரேட் குளிர் தொடர்ந்து இருக்க வேண்டும். நிறத்திற்காகச் சேர்க்கும் நைட்ரைட் உப்பு சற்று மிகுந்தாலும் விஷம். கழிவிடங்களில் திரிந்த பன்றியின் இறைச்சியில் நாடாப்புழுக் கொப்புளங்கள் இருக்கக்கூடும். அடைத்து வளர்த்துச் சோதித்த பன்றியையே நம்பலாம். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் உண்பது புற்றுநோய்க்கு ஏதுவாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்துள்ளது. தட்டில் காயும் கீரையும் மிகுந்து, ஹாம் குறைந்திருப்பதே நல்லது.

வாங்கிய ஹாம் மிகவும் உப்பாக இருந்தால் ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் கிலோவுக்குச் சுமார் 45 நிமிடம் வேகவைக்க வேண்டும். நடுச்சதை 70 டிகிரியைத் தொட வேண்டும். வெந்த நீரும் எலும்பும் வீணல்ல. வட இங்கிலாந்தில் காய்ந்த பட்டாணியைத் துணியில் முடிந்து அதே பானையில் இறக்கிக் குழைய வேகவிடுவார்கள். ஊறவைக்காத ஹாமின் நீரானால் பட்டாணியில் உப்பு ஏறிவிடும். முதலில் சுவைத்துப் பார்த்துப் பச்சைத் தண்ணீர் கலந்துகொள்வது நலம்.