மதுரைக்கு ஒன்றேகால் மணி நேர ஃப்ளைட்: ராமேஸ்வரம் போக உண்மையில் எவ்வளவு ஆகும்?



"சென்னை டு மதுரை ஒன்றேகால் மணி நேரம்தானே, ராமேஸ்வரத்துக்கு ஃப்ளைட்லயே போயிடலாமா?" லாங் வீக்கெண்ட் வந்தாலே இந்தக் கேள்வி வரும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போட்டுடுவோம்.

தூரம்

சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியில் சுமார் 420 கி.மீ. ராமேஸ்வரத்துக்கும் ஏறத்தாழ அதே 420 கி.மீ.தான்! ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருக்கிற 'ஐ.என்.எஸ். பருந்து' கடற்படைத் தளம். அதனால் மதுரையில் இறங்கி, கிழக்கே இன்னும் சுமார் 175 கி.மீ. சாலையில் போகணும்.

நேரம்

டிக்கெட்டில் இருப்பது விமானம் புறப்பட்டு நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் மட்டும். வீட்டு வாசலில் இருந்து கணக்கு போடுங்க:

- வீடு – மீனம்பாக்கம்: 1 மணி
- செக்-இன், காத்திருப்பு: 1½ மணி
- விமானம்: 1¼ மணி
- இறங்கி, லக்கேஜ் எடுத்து வெளியே வர: ½ மணி
- மதுரை – ராமேஸ்வரம் டாக்ஸி: 3½ மணி

மொத்தம் 7¾ மணி நேரம். எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறினா, ஸ்டேஷன் போகும் நேரத்தையும் சேர்த்து சுமார் 13 மணி. மிச்சம் 5¼ மணி நேரம்.

பணம்

உதாரணத்துக்கு ஃப்ளைட் ரூ.4,500, டாக்ஸி ரூ.4,000, தேர்ட் ஏசி ரூ.1,200 என்று வைப்போம். கூடுதல் செலவு ரூ.7,300. அதாவது மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு சுமார் ரூ.1,390 கொடுக்கிறீங்க. மாசம் ரூ.50,000 சம்பளம், 200 மணி நேர வேலை என்றால் உங்க ஒரு மணி நேரச் சம்பளம் ரூ.250!

இன்னொண்ணு. ரயிலில் 7 மணி நேரம் தூங்கிடுவீங்க. விழித்திருப்பது 6 மணிதான். பகல் ஃப்ளைட்டில் 7¾ மணியும் முழிச்சிருக்கணும். ஒரு நாள் லீவும் போகலாம்.

அப்போ ஃப்ளைட் வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை. நாலு பேர் டாக்ஸியைப் பங்கு போட்டால், வயசானவங்க கூட வந்தால், அமாவாசைக்கு ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றால் கணக்கு மாறும்.

எல்.டி.ஏ. இருக்கே?

பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்தான் விலக்கு. 2026–2029 பிளாக்கில் இரண்டு பயணம். எகானமி விமானக் கட்டணத்துக்குக் கிடைக்கும். ஆனால் மதுரையிலிருந்து பிடிக்கிற டாக்ஸி பில் முழுசா கிடைக்காது. அந்த வழியில் ரயில் இருப்பதால், குறைந்த தூர வழியின் முதல் வகுப்பு ஏசி ரயில் கட்டணம்தான் உச்சவரம்பு. ஹோட்டல், சாப்பாடு எதுவும் சேராது. புதிய வரி முறை என்றால், இந்த விலக்கே இல்லை.

அடுத்த தடவை டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீங்க. கூடுதல் செலவை, மிச்சமாகும் மணி நேரத்தால் வகுங்க. வர்ற தொகை உங்க ஒரு மணி நேரச் சம்பளத்தைத் தாண்டினா, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க.