மூர் மார்க்கெட் இல்லை, பர்மா பஜார் உண்டு

கேள்வி: மதுரையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. கூரை போட்ட பழைய சந்தை ஒன்றில் பொருள் வாங்கி, அங்கேயே சாப்பிட வைக்க ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, ராயபுரம்

பதில்: நீங்கள் நினைப்பது மூர் மார்க்கெட் என்றால், அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே மாதத் தீயில் போய்விட்டது. சென்ட்ரல் அருகே அந்த இடத்தில் இன்று நிற்பது ரயில்வே கட்டடம். பழைய புத்தகத்துக்காக அங்கே அலைந்தவர்களுக்கு இன்றும் ஆறாத இழப்பு அது.

உங்களுக்கு நான் சொல்வது பர்மா பஜார். ராயபுரத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் கடற்கரை. வெளியே வந்தால் ராஜாஜி சாலையோரம் பெட்டிப் பெட்டியாய்க் கடைகள். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு ரங்கூனிலிருந்து கப்பலில் வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் உருவான சந்தை. சென்ட், வாட்ச், செல்போன் சாமான் வாங்கலாம். பேரம் பேசுங்கள், பில் கேளுங்கள்.

சாயங்காலமாகப் போங்கள். பின்தெருவில் பர்மிய உணவான அத்தோ விற்கும் தள்ளுவண்டிகள் அப்போதுதான் களைகட்டும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். குழந்தைகளுக்கு மிளகாய்த்தூளைக் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.