சட்ட ஆலோசனை: வீட்டுக்கடியில் ஈரம், வாரண்டி பத்திரம் எங்கே?

கேள்வியின் சுருக்கம்: அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், ராலே நகருக்கு அருகே வசிக்கும் தமிழ் வாசகர் ஒருவர், தம் மரவீட்டின் கிரால்ஸ்பேஸை, அதாவது தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஆள் தவழ்ந்து செல்லும் உயரத்துக்கு விடப்பட்ட வெளியை, 2018 ஜூனில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தைக் கொண்டு 14,000 டாலர் செலவில் சீல் செய்து இன்சுலேஷன் போட்டார். 2020 கோடையில் பூஞ்சை வாடை எழுந்தது. தொலைபேசியில் புகார் செய்தபோது வந்து பார்த்த பணியாளர், கோடை கழிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிச் சென்றார். 2023 கோடையில் கூடத்துத் தரைப்பலகைகள் ஓரம் தூக்கி வளைந்தன. 2025 ஜனவரியில் நிறுவனம் பழுதுபார்க்க மறுத்து மின்னஞ்சல் அனுப்பியது. 25 ஆண்டு வாரண்டி உண்டென்று அச்சிட்ட விளம்பரத் தாள் மட்டுமே கையில் உள்ளது; கையெழுத்திட்ட வாரண்டி பத்திரத்தைக் காணவில்லை. நட்டஈடு கிடைக்குமா?

பதில்: வட கரோலைனாவின் கோடைக்காற்று ஈரம் மிகுந்தது, அது சுவர்த் துவாரங்கள் வழியே கிரால்ஸ்பேஸுக்குள் நுழைந்து, குளிர்ந்த ஏ.சி. குழாய்களில் பட்டு நீராகி, தரையைத் தாங்கும் மரச்சட்டங்களில் ஊறுகிறது என்பதாலேயே துவாரங்களை அடைத்து மூடும் முறை அங்கு பரவியது. ஆனால் மண்மீது குறைந்தது 6 மில் தடிமனுள்ள, அதாவது ஏறத்தாழ 0.15 மி.மீ. பாலித்தீன் விரிப்பை இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பரப்புவதோடு வேலை முடிவதில்லை. மூடிய வெளியை உலர்த்த டீஹியூமிடிஃபையரோ, ஏ.சி.யிலிருந்து சிறு காற்றுவழியோ, விதிகள் ஏற்கும் வேறொரு வழியோ இருந்தாக வேண்டும் என்று மாநிலக் கட்டட விதிகள் கூறுகின்றன. வாசகர் அனுப்பிய படங்களில் விரிப்பு தெரிகிறது, உலர்த்தும் சாதனம் எதுவும் தெரியவில்லை. எனினும் வேலையில் குறை உண்டா என்பது இவ்வழக்கைத் தீர்மானிக்கும் கேள்வியன்று. எந்த அடிப்படையில் வழக்குத் தொடுக்க இன்னும் காலம் இருக்கிறது என்பதே அக்கேள்வி.

மாநிலச் சட்டத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. முதலாவது, சொத்துக்கு நேர்ந்த சேதம் வெளிப்பட்ட நாளிலிருந்தோ, நியாயமாக வெளிப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்தோ எண்ணப்படும் மூன்றாண்டுக் காலவரம்பு. 2020இல் வாடை எழுந்தபோதே ஆராய்ந்திருக்க வேண்டும் என எதிர்த்தரப்பு வாதிட்டால், அது 2023லேயே முடிந்ததாகிவிடும். இரண்டாவது, கட்டுமான வேலை பெருமளவு முடிந்த நாளிலிருந்தோ கடைசிச் செயலின் நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து ஆறாண்டுகள் கழிந்ததும், குறை அப்போதுதான் தெரியவந்தாலும், வழக்குரிமையையே அணைத்துவிடும் இறுதி வரம்பு. 2018 ஜூனில் முடிந்த வேலைக்கு அது 2024 ஜூனோடு கடந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

எஞ்சியிருப்பது வாரண்டி ஒன்றே. கிறிஸ்டி எதிர் ஹார்ட்லி கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற வழக்கில், 20 ஆண்டு வாரண்டியை வெளிப்படையாக அளித்த உற்பத்தியாளர் ஆறாண்டு வரம்பு தரும் பாதுகாப்பைத் தாமே விட்டுக்கொடுத்தவராகிறார் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஆகவே 25 ஆண்டு வாரண்டி எழுத்தில் உறுதிப்பட்டால் வாசகருக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. ஆனால் பரிகாரம் பத்திரத்தின் வாசகங்களைத் தாண்டிச் செல்லாது: அது விரிப்பை மட்டும் மாற்றித் தருமா, மரச்சேதத்தையும் ஈடுசெய்யுமா, ஆண்டுதோறும் பரிசோதனை செய்திருக்க வேண்டுமா, புகாரை எழுத்தில் தந்திருக்க வேண்டுமா, நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் மன்றத்துக்குச் செல்ல வேண்டுமா என்பன அனைத்தும் காணாமற்போன அந்தப் பத்திரத்தில்தான் உள்ளன.

பதினாலாயிரம் டாலர் கொடுத்துப் பெற்ற பத்திரத்தை மின்கட்டண ரசீதுகளோடு கட்டிப் போட்டுவிட்டு, விளம்பரத் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்க கவனமன்று. ஐந்து கோடைகள் வாடையைச் சகித்துக்கொண்டு, ஊதுவத்தி ஏற்றிச் சமாளித்ததாகக் கடிதத்தில் எழுதியிருப்பது இன்னும் வருந்தத்தக்கது. ஊதுவத்தி வாடையை மறைக்குமே அன்றிக் காலவரம்பை நிறுத்தாது. தொலைபேசியில் சொன்ன புகாருக்குச் சாட்சி இல்லை, பணியாளர் வாய்மொழியாகத் தந்த ஆறுதலுக்கு எழுத்தில்லை, முதல் பூஞ்சையைத் துடைக்குமுன் எடுத்த படமும் இல்லை. 2020இலேயே பதிவு அஞ்சலில் ஒரு பக்கக் கடிதம் சென்றிருந்தால், இப்பதில் பாதியளவில் முடிந்திருக்கும்.

இனிச் செய்யத்தக்கவை சில. நிறுவனத்திடம் வாரண்டி பத்திரத்தின் நகலை எழுத்தில் கோருவதுடன், 2018ஆம் ஆண்டு மின்னஞ்சல்கள், காசோலைப் பதிவுகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். சுதந்திரமான ஆய்வாளரைக் கொண்டு மரத்தின் ஈரப்பதத்தை அளந்து அறிக்கை பெற வேண்டும். அது 20 விழுக்காட்டை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் மரம் மக்கும் அபாயம் உண்டு. எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவித்து, பார்வையிட வாய்ப்பளிக்காமல் எதையும் பிய்த்தெறியலாகாது. எறிந்தது சான்றாக இருப்பின் அழித்த பழி வாசகர்மீதே விழும். நுகர்வோரை ஏமாற்றும் வணிக முறைக்கு மும்மடங்கு நட்டஈடு தரும் சட்டம் அம்மாநிலத்தில் இருப்பினும், வெறும் ஒப்பந்த மீறல் அதற்குப் போதாது என்பதால் அதை நம்பிக் கணக்குப் போடுவது விவேகமன்று.

பழுதுபார்க்க மறுத்த 2025 ஜனவரியிலிருந்தே வாரண்டி மீறலுக்கான மூன்றாண்டு தொடங்குகிறது என்று வாதிட இடமுண்டு. பலகைகள் வளைந்த 2023 கோடையிலேயே அது தொடங்கிவிட்டதென எதிர்த்தரப்பு கூறவும் இடமுண்டு, அவ்வாறாயின் 2026 கோடையே கெடு. எனவே பிந்திய தேதியை நம்பாமல் முந்திய தேதியையே கெடுவாகக் கொள்ள வேண்டும். இப்பதில் அனுப்பப்பட்ட விவரங்களை மட்டுமே கொண்ட பொதுவிளக்கம், வழக்குக்கான ஆலோசனை அன்று. வட கரோலைனாவில் உரிமம் பெற்ற, கட்டுமான வழக்குகளில் பழகிய வழக்கறிஞரை எல்லா ஆவணங்களுடனும் தாமதமின்றி நேரில் சந்திப்பதே முதல் வேலை.