கல்நார் – நம் கூரையில் ஓர் ஆபத்து



'கல்நார்' என்றதும் வேதியியல் லேபில் பன்சன் பர்னர் மேல் வைத்த பழைய வலைத்தட்டுதான் பலருக்கு நினைவு வரும். எங்க ஊர், பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில், அதற்குப் பேர் 'ஷீட்டு'. ஓலை தீப்பிடிக்கும், தகரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. அதனால் மீனவர் வீடுகளில் அதுவே கூரையானது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் கூரை உடைந்தது. சித்தப்பா புது ஷீட்டை ஆக்சா பிளேடால் அறுத்தார். வெள்ளைத் தூசு பறந்தது. அம்மா துடைப்பத்தால் பெருக்கினார். தங்கை உடைந்த துண்டைத் தேய்த்துப் பாண்டி ஆடச் சில்லு செய்தாள். மெக்கானிக்கல் படிக்கும் நானோ ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்!

பிறகுதான் படித்தேன். ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார் இழை. மீதி பெரும்பாலும் சிமெண்ட். உடையாதவரை சிமெண்ட் இழையைப் பிடித்து வைத்திருக்கும். அறுத்தால், துளைத்தால், நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா ஆகியவை இதனால் வருபவை. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் இன்னும் பல மடங்கு.

"இத்தனை வருஷமா இதுக்குக் கீழதானே படுக்கிறோம், என்ன ஆயிடுச்சு?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் இந்நோய்கள் தலைகாட்ட 10 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். அதனால்தான் 1995-ல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவேடுகளை 40 ஆண்டுகள் காக்கச் சொன்னது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துள்ளன. நம் நாட்டில் ஷீட் இன்னும் விற்பனையாகிறது.

கூரை மட்டுமல்ல. பழைய அயர்ன் பாக்ஸின் உள் அட்டை, பிரேக் லைனிங், கேஸ்கெட், படகு எஞ்சின் சைலன்சரில் சுற்றிய பழைய கயிறு இவற்றிலும் கல்நார் இருக்கலாம். நாளை ஒர்க்ஷாப்பில் இவற்றைத் தொடப்போவது நாம்தானே?

உடனே கூரையைப் பிரிக்கப் பணம் ஏது? ஆகவே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்:

1. நல்ல நிலையில் உள்ள ஷீட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள்.
2. உடைந்ததைத் தண்ணீரால் நனைத்த பிறகே எடுங்கள், மேலும் உடைக்காதீர்கள்.
3. பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக் தூசை ஏர் அடித்து ஊதாதீர்கள்.
4. முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது.
5. புதுக்கூரை போடும்போது கல்நார் இல்லாததைக் கேளுங்கள்.

தங்கையின் சில்லை நனைத்துப் பையில் கட்டிவிட்டேன். இப்போது அவள் ஓட்டுச் சில்லில் ஆடுகிறாள்.